கிளை நூலகத்தில் இணைய இலக்கிய விழா: திரை, ஒலி, இணையம், புத்தக மேசை

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் இணையவழி இலக்கிய விழா அமர்வுகளை வாசகர்களுக்குப் போட்டுக் காட்டும் முயற்சி ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. கடைசியாக நடத்திய மாலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் முடிவு வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் கேள்வி கேட்டார்கள், போகும்போது கையில் புத்தகத்தோடு போனார்கள். இதே போலச் செய்ய நினைக்கும் வாசகர் வட்டங்கள் இன்னும் பல இருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்குப் பணமும் நேரமும் எங்கெங்கே போயின என்று தெரிந்தால் அவர்கள் நேராக வேலைக்குப் போகலாம். அதற்காகத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாக.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் பெரிய இலக்கிய விழாக்கள் ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாறின. வேல்ஸில் நடக்கும் ஹே விழா அந்த ஆண்டு மே 18 முதல் 31 வரை முழுக்க இணையத்தில், இலவசமாக நடந்தது. எடின்பரோ புத்தக விழா ஆகஸ்டில் அதே வழிக்கு வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நடத்தும் தேசியப் புத்தக விழா செப்டம்பரில் வந்தது. ஜெய்ப்பூர் விழா 2021 பிப்ரவரியில் மேடையே இல்லாமல் இணையத்தில் மட்டும் நடந்தது. ஊரடங்கு போனபிறகும் பதிவுகள் போகவில்லை, ஏராளமான அமர்வுகள் யூடியூபில் இருக்கின்றன. தமிழில் இதற்கு இணையான செல்வம் நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் திருநெல்வேலியில் பொருநை இலக்கியத் திருவிழாவைத் தொடங்கி, அடுத்து சென்னை, சிறுவாணி, காவிரி, வைகை என்று வரிசையாக நடத்தியது. அந்த மேடைகளில் பேசிய பல உரைகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஸ்ருதி டிவி மாதிரியான யூடியூப் சேனல்கள் பல ஆண்டுகளாக இலக்கியக் கூட்டங்களைப் பொறுமையாகப் பதிவு செய்து வைத்திருக்கின்றன. தஞ்சாவூரில் நடந்த காவிரி விழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் வயலையும் கடையையும் விட்டு, கால் வலியோடு, வீட்டுப் பெரியவர்களைத் தனியே விட்டு எத்தனை பேரால் போக முடியும்? விழா நம் நூலகத்துக்கே வரட்டும் என்பதுதான் எங்கள் வாசகர் வட்டத்தின் எண்ணம்.

முதலில் எளிதான வழியில்தான் போனோம். வாட்ஸ்அப் குழுவில் இணைப்புகளைப் போட்டோம். நூலக வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் கியூஆர் குறியீடு ஒட்டினோம், கீழே அமர்வின் பெயர், பேசுகிறவர் யார் என்று இரண்டு வரி. ஒட்டிய தாள் அழகாகத்தான் இருந்தது. கேட்டுப் பார்த்தபோது, திறந்தவர்களே சிலர்தான், திறந்தவர்களும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. நியாயம்தான். ஐம்பது நிமிடப் பேச்சைக் கைப்பேசியில் தனியாக உட்கார்ந்து பார்ப்பது யாருக்கும் சுலபமில்லை, நடுவில் போன் வரும், அடுப்பில் பால் பொங்கும். இணைப்பை அனுப்புவதால் விழாவைப் பகிர்ந்ததாகாது என்பது அங்கே தெளிவானது. ஆட்களைக் கூட்டி உட்கார வைக்கவேண்டும்.

அனுமதி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரும் கடைசியில் யோசிப்பது இது. யூடியூபில் இலவசமாக இருக்கிறது என்பதாலேயே பொது இடத்தில் கூட்டம் சேர்த்துப் போட்டுக் காட்டலாம் என்றாகிவிடாது, யூடியூப் தன் விதிகளில் சொந்த உபயோகம் என்றுதான் சொல்கிறது. அதனால் இரண்டு கடிதம் எழுதினோம். ஒன்று நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு, நூலக நேரம் முடிந்தபிறகு கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ள. இன்னொன்று விழா நடத்துகிறவர்களுக்கு மின்னஞ்சல்: எந்த அமர்வு, எந்தத் தேதி, எத்தனை பேர் உட்காரும் கூடம், கட்டணம் கிடையாது, விழாவின் பெயரைத் தொடக்கத்தில் சொல்வோம், பதிவு செய்யமாட்டோம். அரைப் பக்கம்தான். பதில் வராத இடங்களை விட்டுவிட்டோம். பதில் வந்த ஓரிடத்தில் நாங்கள் கேட்காமலேயே காணொளியைக் கோப்பாக அனுப்பிவைத்தார்கள். பின்னால் வரப்போகும் பாதி தொல்லைகள் (இணைய வேகம், நடுவில் விளம்பரம்) அந்த ஒரு கோப்பில் தீர்ந்துபோயின. ஆகவே கடிதத்தில் "கோப்பாகத் தர முடியுமா" என்று ஒரு வரி இப்போது கட்டாயம் சேர்க்கிறோம்.

அடுத்தது கூடம். எங்கள் வாசிப்புக் கூடம் 24 அடி நீளம், 16 அடி அகலம். மேற்குச் சுவரில் நான்கு ஜன்னல், மற்ற சுவர்களை ஒட்டி இரும்பு அலமாரிகள், காங்கிரீட் கூரை. பெஞ்சு நாற்காலி போட்டால் முப்பத்தைந்து பேர் வசதியாக உட்காரலாம். ஞாயிறு காலை 11 மணிக்கு முதல் திரையிடலை வைத்தோம். பள்ளி ஆசிரியர் ஒருவரின் சிறிய எல்இடி புரொஜெக்டரைக் கொண்டுவந்தோம். அட்டைப்பெட்டியில் வெளிச்சக் கணக்கு பல ஆயிரம் லூமென் என்று போட்டிருந்தாலும், பகல் வெளிச்சத்தில் திரையில் பேசுகிறவரின் முகமே தெரியவில்லை. அதற்கும் மேலாக, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஞாயிறு காலையில்தான் அதிகம் வருவார்கள். இருக்கிற ஒரே கூடத்தை நாங்கள் எடுத்துக்கொண்டால் அவர்கள் எங்கே போவார்கள்? அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் தனி இடம் கிடையாது, நூலகம்தான் இடம். அதனால் அதன்பிறகு எல்லாம் ஞாயிறு மாலை ஆறரைக்கு மேல், நூலக நேரம் முடிந்தபிறகுதான். வெளிச்சப் பிரச்சினையும் அதோடு பாதி தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு இரண்டு வேலை செய்தோம். டவுனில் மைக்செட் கடையில் 3,300 லூமென் அலுவலக வகைப் புரொஜெக்டர் ஒரு மாலைக்கு 900 ரூபாய் வாடகைக்குக் கிடைத்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி 12 மீட்டர், மீட்டர் 60 ரூபாய், ஆக 720. துணியை ஆணி அடித்து மாட்டாமல், மேல் விளிம்பில் மடித்துத் தைத்துக் கயிறு கோத்து ஜன்னல் கம்பியில் கட்டினோம், சுவர் பாழாகாது, அவிழ்த்து மடித்து அலமாரி மேல் வைத்துவிடலாம். திரைக்குத் தனியாகப் பணம் போடவில்லை. பேனர் அடிக்கும் கடையில் எதுவும் அச்சிடாத வெள்ளை ஃப்ளெக்ஸ் 8 அடிக்கு 5 அடி, சதுர அடி 12 ரூபாய் வீதம் 480. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஃப்ளெக்ஸின் பளபளப்பான பக்கத்தை முன்னால் வைத்தால் விளக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டாக மின்னும். மங்கலான பக்கத்தை முன்னால் வையுங்கள். மேலும் கீழும் பிவிசி குழாய் கோத்தால் சுருக்கம் விழாது.

தூரக் கணக்கு: இந்த வகைப் புரொஜெக்டரில் படத்தின் அகலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். 7 அடி அகலப் படத்துக்குப் பத்தரை அடி. அதாவது கருவி கூடத்தின் நடுவில், ஆட்களுக்கு மத்தியில் நிற்கும். கம்பி காலில் தட்டும், குழந்தைகள் குறுக்கே ஓடும். அதனால் நடுவில் 3 அடி வழி விட்டு, அந்த வழியில் உயரமான ஸ்டூல், அதைச் சுற்றி நாற்காலி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டோம். மடிக்கணினியிலிருந்து புரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கம்பி 5 மீட்டர், 650 ரூபாய், தரையோடு டேப் ஒட்டி. ஒரு விஷயம்: பதினைந்து பேருக்குள் என்றால் புரொஜெக்டரே வேண்டாம். ஒருமுறை புரொஜெக்டர் கிடைக்காமல் பக்கத்து வீட்டு 43 அங்குல டிவியைத் தூக்கிவந்து வைத்தோம், மூன்று வரிசைக்கு அது தெளிவாகவே இருந்தது. பேசும் முகத்தைத்தானே பார்க்கப்போகிறோம், சினிமா இல்லை.

இப்போது ஒலி. உண்மையில் இந்த வேலை முழுவதும் ஒலி வேலைதான். படம் மங்கலாக இருந்தாலும் ஆட்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், பேச்சு புரியவில்லை என்றால் எழுந்துவிடுகிறார்கள், அதுவும் சொல்லாமல்.

புரொஜெக்டருக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. சரி என்று மைக்செட்காரரிடம் சொன்னோம், அவர் கல்யாணத்துக்குக் கொண்டுவரும் பெரிய பெட்டி ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சத்தம் கூடம் முழுக்க நிறைந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் அமர்வு முடிந்ததும் வந்து, "தம்பி, சத்தம் நல்லா கேக்குது, பேச்சுதான் புரியல. கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். மிகச் சரியான கணிப்பு. காங்கிரீட் கூரை, இரும்பு அலமாரி, சிமெண்ட் தரை எல்லாம் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன, ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் விழுகிறது. ஒலியைக் கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடும், புரிவது குறையும். கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஒரு உலோகச் சத்தம் இழுத்துக்கொண்டு நின்றால் உங்கள் கூடமும் எங்கள் கூடம் மாதிரிதான்.

நாங்கள் செய்தது இதுதான். பெரிய பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு சிறிய ஸ்பீக்கர்களைக் கூடத்தின் இரண்டு பக்கமும், திரையிலிருந்து சுமார் எட்டு அடி தள்ளி, உட்கார்ந்திருப்பவர்களின் காதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி அலமாரித் தட்டில் வைத்தோம். இரண்டும் சற்றே பின்வரிசையை நோக்கித் திரும்பியிருக்கும். ஒலியைக் குறைத்தோம். ஆம்ப்ளிஃபையரில் பேஸை (கனத்த ஒலி) பாதிக்கும் கீழே இறக்கி, ட்ரெபிளை (கூர்மையான ஒலி) கொஞ்சம் ஏற்றினோம். பேச்சுக்குக் கனம் தேவையில்லை, எழுத்து பிரிந்து கேட்கவேண்டும். தரையில் கல்யாண மண்டபத்தில் விரிக்கும் ஜமக்காளம் இரண்டு விரித்தோம், ஜன்னலுக்குக் கட்டிய கறுப்புத் துணியும் எதிரொலியைக் கொஞ்சம் குடித்தது. கைப்பேசியில் ஒலி அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பெரிய பெட்டி இருந்தபோது முன்வரிசையில் 80 டெசிபெல்லை ஒட்டியும் பின்வரிசையில் 70-க்குக் கீழேயும் காட்டியது. மாற்றிய பிறகு எல்லா வரிசையிலும் 65-இலிருந்து 69-க்குள் நின்றது. கைப்பேசி அளவுதான், துல்லியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வித்தியாசத்தைக் காட்டப் போதும். அந்தப் பெரியவரையே பின்வரிசையில் உட்காரவைத்துக் கேட்டோம், இப்போது ஒவ்வொரு திரையிடலுக்கும் முன்னால் ஒலியைச் சரிபார்ப்பது அவர்தான்.

இதற்குள் இன்னொரு தொல்லை. மடிக்கணினியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குக் கம்பி போட்டதும் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல், பேச்சு இடைவெளியில் நன்றாகக் கேட்கும். கம்பியை மாற்றினோம், ஆம்ப்ளிஃபையரை மாற்றினோம், போகவில்லை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் போய்விடுகிறது. இரண்டு கருவியும் வேறு வேறு பிளக்கிலிருந்து மின்சாரம் எடுப்பதால் எர்த் வழியாக வரும் இரைச்சல் அது. 320 ரூபாய்க்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கிறது, 3.5 மி.மீ. ஒலிக் கம்பிக்கு நடுவில் மாட்டினால் போதும். அது வருவதற்குள் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினோம், அதிலேயே பெரும்பாலும் அடங்கியது. பிளக்கின் மூன்றாவது பின்னை (எர்த்) ஒடித்துப் போடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கூட்டம் கூடும் இடம்.

இணையத்துக்கு வருகிறேன். முதலில் கைப்பேசி ஹாட்ஸ்பாட். மதியம் சோதித்தபோது நொடிக்கு 8 மெகாபிட் காட்டியது. மாலை ஏழு மணிக்கு, ஊரே போனைக் கையில் எடுக்கும் நேரத்தில், ஒன்றரைக்கு இறங்கியது. யூடியூப் சொல்லும் கணக்குப்படி 720பி தரத்துக்கு (எண் கூடினால் படம் தெளிவு) நொடிக்கு 2.5 மெகாபிட் வேண்டும், 480பி-க்கு 1.1 போதும். அதனால் தரத்தைத் தானாக மாற விடாமல் 480-இல் கட்டிவைத்தோம், ஏழடி திரையில் முகம் கொஞ்சம் மெழுகியது போல இருந்தாலும் பேச்சு அறுபடவில்லை. டேட்டா கணக்கையும் பாருங்கள்: 2.5 மெகாபிட்டில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 1.1 ஜிபி வரை போகும், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் பிளானில் ஒரு அமர்வும் அரையும்தான். 480 என்றால் அரை ஜிபி. ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் கைப்பேசியை ஜன்னலில் வைத்து யுஎஸ்பி கம்பி வழியாக இணைத்தால் இணைப்பு நிலையாக இருக்கிறது, சார்ஜும் இறங்காது.

அப்புறம் நூலகத்தை ஒட்டிய வீட்டு அண்ணன் தன் வீட்டு ஃபைபர் இணைப்பைத் தருகிறேன் என்று தானே முன்வந்தார். 20 மீட்டர் நெட்வொர்க் கம்பி, முனைகள் சேர்த்து 480 ரூபாய், ஜன்னல் வழியாக. அவர் வீட்டு ரூட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் 1,400 ரூபாய் வட்டத்தின் செலவில் வாங்கிக் கொடுத்தோம், கரண்ட் போனாலும் இணையம் நிற்காது, அவருக்கும் அது எல்லா நாளும் உதவும். இதற்குமேல் இணையத்தைப் பற்றிக் கவலைப்பட எங்களுக்கு ஒன்றும் இல்லை.

கரண்ட் பற்றி. நூலகத்தில் 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் உண்டு. புரொஜெக்டர் 280 வாட், மடிக்கணினி 60, ஆம்ப்ளிஃபையர் 50, மற்றது ஒரு 15. இது மட்டும் என்றால் தாங்கும். ஆனால் அதே லைனில் நான்கு மின்விசிறி, ஒவ்வொன்றும் 70 வாட்டுக்குக் குறையாது. கூட்டினால் 685, 900 விஏ என்பது வாட்டில் அதைவிடக் குறைவு என்பதால் இதுவே எல்லைக்குப் பக்கம். கரண்ட் போன சமயத்தில் யாரோ டியூப்லைட்டையும் போட, இன்வெர்ட்டர் மொத்தமாக நின்றது. விளக்கு வைத்த புரொஜெக்டர் திடீரென்று அணைந்தால் உள்ளே காற்றாடியும் நின்றுவிடும், சூடு இறங்கும்வரை திரும்ப எரியாது, அந்தச் சில நிமிடங்களில் கூட்டத்தின் ஓட்டம் போய்விடுகிறது. இப்போது இரண்டு விசிறியின் சுவிட்சுகளில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம், கரண்ட் போனால் அவை உடனே அணைக்கப்படும். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒருவர் பொறுப்பாக உட்கார்ந்திருப்பார். பேட்டரி பழையது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நம்புவதில்லை.

கருவி வேலை இத்தோடு முடிந்தது. ஆனால் கருவி எல்லாம் சரியாக இருந்த ஒரு மாலையிலும் கூட்டம் பாதியில் கரைந்தது. காரணம் நேரலை மோகம். விழா நடக்கும் அதே நேரத்தில் காட்டவேண்டும், அப்போதுதான் விழாவில் இருக்கிற உணர்வு வரும் என்று எங்களில் பலர் நினைத்தோம். எடின்பரோ விழா நடக்கும் ஆகஸ்டில் அவர்கள் மாலை 5 மணி நமக்கு இரவு 9:30. மே மாதத்தில் சிட்னி விழாவின் காலை 10 மணி நமக்கு விடியற்காலை 5:30. ஜெய்ப்பூர் நம் நேரம்தான், ஆனால் நேரலையை நிறுத்த முடியாது, ஆங்கிலப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், பாதிப் பேருக்குப் புரியாது, புரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள், அவரும் விட்டுவிடுவார். ஆஸ்திரேலியாவில் சிட்னி எழுத்தாளர் விழா தன் அமர்வுகளை ஊர்ப்புற நூலகங்களுக்கு நேரலையாக அனுப்பும் ஏற்பாடு ஒன்றை நடத்துகிறது. அங்கே அது பொருந்தும், மொழியும் நேரமும் ஒன்று. நமக்கு வேண்டியது பதிவு. பேசுகிறவர் நேரலையில் இருக்கவேண்டியதில்லை, கேட்கிறவர்கள் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இருந்தால் போதும். இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மாலைகள் உயிர்பெற்றன.

பதிவு என்றால் நிறுத்தலாம். எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் டீச்சர். அவர் அமர்வை முன்கூட்டியே வீட்டில் பார்த்து, எங்கெங்கே நிறுத்தவேண்டும் என்று நிமிடக் கணக்கோடு குறித்துக்கொண்டு வருவார். ஏறக்குறைய எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தம், இரண்டு நிமிடம் தமிழில் சொல்வார், கேள்வி வந்தால் மூன்று. யூடியூபின் தானியங்கி தமிழ் வசனத்தையும் போட்டுப் பார்த்தோம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், நாவல் பெயர் எல்லாம் உருத்தெரியாமல் வந்தன, வாசகர்கள் வசனத்தைப் படிப்பதா முகத்தைப் பார்ப்பதா என்று தவித்தார்கள். டீச்சரின் வழியே நல்லது. ஆனால் இந்த முறையில் 50 நிமிட அமர்வு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அதனால் முழு அமர்வைப் போடுவதில்லை, அதில் 25 நிமிடம் தேர்ந்தெடுக்கிறோம். முழுவதும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அப்போது இணைப்பை அனுப்பினால் பார்க்கிறார்கள். முதலில் யாரும் திறக்காத அதே இணைப்பு, மாலை முடிந்தபிறகு திறக்கப்படுகிறது.

மாலையின் வரிசை இப்படி நிலைத்தது: முதலில் தமிழ் உரை ஒன்று, 30 நிமிடத்துக்குள், நிறுத்தாமல். பிறகு தேநீர், சுண்டல். பிறகு வேற்று மொழி அமர்வு நிறுத்தி நிறுத்தி. கடைசியில் எல்லோரும் சேர்ந்து பேசுவது. தமிழ் உரையை முன்னால் வைப்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தன் மொழியில் ஒரு எழுத்தாளர் பேசுவதைக் கேட்டுச் சூடேறிய கூட்டம்தான் அடுத்ததற்குக் காது கொடுக்கும். இரண்டுக்கும் ஒரு பொதுப் பொருள் இருந்தால் இன்னும் நல்லது. ஆறும் ஊரும் என்று ஒரு மாலை, மொழிபெயர்ப்பு என்று ஒரு மாலை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது புத்தக மேசை. இது நூலகரின் யோசனை. திரையில் பேசப்போகிறவர்கள் எழுதிய, பேச்சில் வரப்போகிற புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் மேசையில் பரப்பினார். நம் நூலகத்தில் இல்லாதவற்றை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டு வரவழைத்தார். ஆனால் முதல் தடவை யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் நூலக நேரம் முடிந்து பதிவேடு உள்ளே போயிருந்தது, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் யாரும் வரவில்லை. அடுத்த முறை நூலகர் நிகழ்ச்சி முடிந்து அரைமணி நேரம் பதிவேட்டோடு மேசையில் உட்கார்ந்தார். அன்று மேசை கிட்டத்தட்டக் காலியானது. பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழாமல் ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருந்த புத்தகங்கள் அதில் இருந்தன. நூலகத்தில் விழாவைக் காட்டுவதற்கும் கல்யாண மண்டபத்தில் காட்டுவதற்கும் வித்தியாசம் இந்த மேசைதான் என்று எனக்குப் படுகிறது. எங்கள் பக்கத்தில்தான், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து, 1931-இல் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். புத்தகம் ஆளைத் தேடிப் போனால் எடுத்துப் படிக்க ஆள் இருக்கிறது என்று அப்போதே தெரிந்த மண் இது. மேசையைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் வாசலில் வைக்கவும், உள்ளே வரும்போது ஒருமுறை பார்த்திருப்பார்கள், போகும்போது பேச்சில் கேட்ட பெயர் அட்டையில் இருக்கும், கை தானாகப் போகும். நிகழ்ச்சி தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே மேசை தயாராக இருக்கவேண்டும்.

செலவு: திரை 480, கறுப்புத் துணி 720, எச்டிஎம்ஐ கம்பி 650, ஐசொலேட்டர் 320, நெட்வொர்க் கம்பி 480, யுபிஎஸ் 1,400. ஒருமுறை போட்ட பணம் 4,050 ரூபாய். ஒவ்வொரு மாலைக்கும் புரொஜெக்டர் 900, தேநீர் சுண்டலுக்கு நானூறு ஐந்நூறு. ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபையரும் வட்டத்து நண்பர் வீட்டுச் சாமான், காசில்லை, விலைக்கு வாங்கினால் மொத்தக் கணக்கு மாறிவிடும்.

அடுத்த முறை மாற்றப்போவது சில. புரொஜெக்டர் வாடகையை மிச்சப்படுத்தி நல்ல ஸ்பீக்கர் இரண்டு வாங்கிச் சுவரில் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும், அலமாரித் தட்டில் வைத்தால் தட்டு அதிர்கிறது. கோப்பாக வரும் அமர்வை இரண்டு பென் டிரைவில் வைத்து, முந்தின நாளே அதே மடிக்கணினியில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒருமுறை கோப்பு திறந்தது, ஆனால் ஒலி இடது ஸ்பீக்கரில் மட்டும் வந்தது, அதைக் கூட்டத்தின் முன்னால் சரிசெய்ய வேண்டியதாயிற்று (ஆம்ப்ளிஃபையரில் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைத் தரும் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள், பேச்சுக்கு அது போதும்). போட்டித் தேர்வுப் பிள்ளைகள் மாலையில் தங்கிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டபடி அடுத்த மாலைக்கு வரலாறு எழுதுகிறவர்களின் அமர்வு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். குழந்தைகளுக்கு இந்த நீளம் ஆகாது, அவர்களுக்குத் தனியாகப் பதினைந்து நிமிடக் கதைசொல்லல் காணொளி, சனிக்கிழமை, டிவியிலேயே, அருகில் சிறுவர் நூல் மேசை. அதற்கு அனுமதி கேட்டு மின்னஞ்சல் போயிருக்கிறது, பதில் வந்ததும் தேதி வைப்போம்.